பள்ளிப் படியேறும் முன்னே

(சங்கத்தின் வெள்ளி விழாப் பெற்றோர் அரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் பேச வருவோர் பட்டம் பெற்றோரையும் பதவி பெற்றோரையும் எண்ணிக் காட்டிப் பெருமிதம் கொள்வது வழக்கம். அப்பெருமிதம் நமக்கும் உண்டு. இச்சங்கத்தின் மாலை வகுப்புகளில் பாய் விரித்துப் படித்தவர்கள் இன்று ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் அலுவலர்களாகவும் இம்மேடையின் எதிரே அமர்ந்திருக்கிறார்கள். ஆயினும் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் பட்டம் பெற்றவரைப் பற்றியதன்று. இன்னும் பலப்பம் பிடிக்காத கையைப் பற்றியது. வருகிற ஜூன் திங்களில் முதன்முறையாகப் பள்ளிக்குப் புறப்படவிருக்கும் மூன்று வயது, நான்கு வயதுக் குழந்தையைப் பற்றியது.

இச்சிறு பொருளை இப்பெரு விழாவில் எடுத்துக்கொள்வானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளைகளைத் தூக்கி நிறுத்துவதையே இத்தனை ஆண்டுகளும் நாம் தலையாய பணியாகக் கொண்டோம். ஆனால் அப்பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலா தவறினார்கள்? ஆசிரியப் பணியில் நெடுங்காலம் இருந்து பார்த்தவர்களுக்கு உண்மை விளங்கும். அவர்களுள் பலர் பள்ளிக்குள் வந்த முதல் மாதத்திலேயே பின்வரிசைக்குப் போய்விட்டவர்கள். கேட்டால் வாய் திறவாதவர்கள். புரியாதபோது கை தூக்காதவர்கள். தாகம் எடுத்தாலும் சொல்லாதவர்கள். பத்து ஆண்டுகள் கழித்து வரும் தேர்வு அந்த மௌனத்துக்கு மதிப்பெண் இடுகிறது, அவ்வளவே. ஆகவே, எழுத்து கற்கும் முன்னரே குழந்தை ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டு பள்ளிக்கு வருகிறது என்பதும், அந்தப் பாடம் 'ஒதுங்கி நில்' என்பதா, 'நிமிர்ந்து நில்' என்பதா என்பதை வீடே முடிவு செய்கிறது என்பதும் இன்று நாம் சொல்ல வந்த செய்தி.

மழலையர் பள்ளி யாருக்காகத் தோன்றியது?

மழலையர் பள்ளி என்றதும் பலருக்குக் கழுத்துப்பட்டையும் காலணியும் கட்டண இரசீதும் நினைவுக்கு வருகின்றன. அது வசதி படைத்தோர் வீட்டுப் பொருள் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

ஜெர்மனி நாட்டில் 1782ஆம் ஆண்டு பிறந்த பிரடெரிக் புரோபெல், தமக்கு ஒரு வயது நிறையுமுன்னரே தாயை இழந்தவர். அன்பு கிடைக்காத இளமையின் துன்பத்தை உணர்ந்த அவர், 1837ஆம் ஆண்டு பாட் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் இளங்குழந்தைகளுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கினார். 1840ஆம் ஆண்டு அதற்குக் 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். அவர் குழந்தையின் கையில் முதலில் கொடுத்தது புத்தகம் அன்று. நூலால் பின்னிய பந்து. அடுத்துக் கொடுத்தவை மரக்கட்டைகள். செடியை இழுத்து வளர்க்க முடியாது, நீரூற்றித்தான் வளர்க்க வேண்டும் என்பது அவர் கொள்கையின் சாரம். இக்கொள்கையைக் கண்டு அஞ்சிய பிரஷ்ய அரசு 1851ஆம் ஆண்டு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. 1860இல்தான் தடை நீங்கியது. குழந்தைகள் விளையாடிக் கற்பதைக் கண்டே ஓர் அரசு அஞ்சியது என்றால், அக்கல்வியின் ஆற்றல் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தாலியின் மருத்துவப் பெண்மணி மரியா மாண்டிசோரி, 1907ஆம் ஆண்டு ரோமாபுரியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். எங்கே திறந்தார்? செல்வர் வாழும் வீதியில் அன்று. சான் லாரன்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் படிக்கட்டுகளில் அலைந்து திரிந்த பிள்ளைகளே அவருடைய முதல் மாணாக்கர். அவர் 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதிப் பெருங்கட்டணம் வாங்கும் பள்ளிகள் பல. அவ்வில்லம் முதன்முதலில் யாருக்காகத் திறக்கப்பட்டது என்பதைப் பலகை சொல்வதில்லை. நாம் சொல்லிக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் தாராபாய் மோடக் அம்மையார், 1945ஆம் ஆண்டு பம்பாய் மாகாணத்துக் கடற்கரைச் சிற்றூராகிய போர்டியில் கிராமக் குழந்தைக் கல்விப் பணியைத் தொடங்கினார். அனுதாய் வாக் அம்மையார் அவருக்குத் துணை நின்றார். எளிய மக்களின் பிள்ளைகள் பள்ளியைத் தேடி வரவில்லை என்று கண்டபோது, அவர்கள் பிள்ளைகளைக் குறை கூறவில்லை. பள்ளியையே அம்மக்களின் வீட்டு முற்றத்துக்குக் கொண்டு சென்றார்கள். 'அங்கன்' என்றால் முற்றம். இன்று நம் குடியிருப்பின் மூலையில் நிற்கும் அங்கன்வாடியின் பெயருக்குள் இந்த வரலாறு அடங்கியிருக்கிறது. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், நாடெங்கும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் தொடங்கப்பட்டபோது, அம்முற்றம் அரசின் திட்டமாயிற்று.

நம்மவர் ஒருவரையும் ஈண்டு நினைவுகூர்தல் கடமை. பெருந்தலைவர் எம்.சி. ராஜா அவர்களைச் சட்டமன்றத்தில் முழங்கியவராகவும், 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை அரசு ஏற்கவேண்டுமென 1922இல் தீர்மானம் கொண்டுவந்தவராகவும் நாம் அறிவோம். அவர் முதலில் ஒரு பள்ளி ஆசிரியர். ஆர். ரங்கநாயகி அம்மாளுடன் சேர்ந்து, மழலையர் வகுப்புக்கென்றே 'கிண்டர்கார்டன் ரூம்' என்னும் பாட்டு நூலையும் அவர் வெளியிட்டார். அரசியல் மேடையில் உரிமைப் போர் நடத்திய ஒருவர், மூன்று வயதுக் குழந்தை கைதட்டிப் பாடுவதற்குப் பாட்டுத் தேடினார் என்பது சிறு செய்தியன்று. சமுதாயத்தின் விடுதலை எந்த வயதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆகவே தாய்மார்களே, மழலையர் பள்ளி அந்நியர் வீட்டு விருந்து என்று எண்ணித் தயங்க வேண்டா. அது நம் பிள்ளைகளைப் போன்ற பிள்ளைகளுக்காகவே தோன்றியது.

சாக்குத் துணியும் தண்ணீரும்

அண்ணல் அம்பேத்கர் 1900ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் சாதாரா நகர அரசுப் பள்ளியில் சேர்ந்தார். அந்நாளை மகாராட்டிர அரசு இன்று மாணவர் நாளாகக் கொண்டாடுகிறது. ஆனால் அப்பள்ளி வாழ்க்கை கொண்டாட்டமாகவா இருந்தது? மற்ற மாணவரோடு சேர்ந்து அமர முடியாது. தனியே ஒரு சாக்குத் துணியின்மீது அமர வேண்டும். பள்ளியைத் துப்புரவு செய்யும் பணியாள்கூட அச்சாக்கைத் தொடமாட்டார். ஆகையால் மாலையில் அதைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள் மீண்டும் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தாமே திறக்கலாகாது. ஏவலர் வந்து திறந்துவிட வேண்டும். ஏவலர் வரவில்லையென்றால் தண்ணீர் இல்லை. இவற்றையெல்லாம் அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

இன்று அச்சாக்கு இல்லை. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டமும் 1989ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்குத் தண்டனை விதித்தன. அரசுப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்கிறார்கள். ஒரே பந்தியில் உண்கிறார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சாக்கு ஒன்று இன்னும் சில வீடுகளிலிருந்து சுருட்டப்பட்டுப் பிள்ளையின் கக்கத்தில் வருகிறது. அதைக் கொடுத்தனுப்புவது பகைவர் அல்லர். பிள்ளைமீது உயிரையே வைத்திருக்கும் பெற்றோர்.

இதனைச் சற்று விளக்க வேண்டும். சேர்க்கை நாளில் தலைமையாசிரியர் அறைக்குத் தந்தை வருகிறார். குழந்தை அவர் விரலைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. நாற்காலியைக் காட்டி அமரச் சொல்கிறோம். "இருக்கட்டுங்கய்யா" என்று சொல்லிக் கதவோரமாகவே நிற்கிறார். மறுமுறை சொன்னாலும் அமர்வதில்லை. தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்துவிடுகிறது. பிறகு, "ஐயா, கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்ததையெல்லாம் உரிச்சிடுங்க, படிச்சா போதும்" என்கிறார். ஆசிரியரை நம்பிச் சொல்லும் சொல் அது. அன்பினால் வரும் சொல். ஆனால் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை என்ன கற்கிறது? இந்த அறையில் நாற்காலி நமக்கு இல்லை என்று கற்கிறது. இங்கே நம்மை அடிக்கலாம் என்று கற்கிறது. அகரம் எழுதும் முன்னரே முதற்பாடம் முடிந்துவிடுகிறது.

நம் பாட்டனாருக்கு ஒதுங்கி நிற்றல் உயிர் காக்கும் வழியாக இருந்தது. அதனை நாம் இகழவில்லை. 'வாயைத் திறக்காதே, கண்ணில் படாதே, தொட்டுவிடாதே' என்று சொல்லி வளர்த்த தாயின் உள்ளத்தில் இருந்தது அச்சமும் அன்புமே. ஆனால் நேற்றுக் கவசமாக இருந்தது இன்று பிள்ளையின் காலில் கட்டிய கல்லாகிறது. பள்ளிக்கூடம் வாய் திறப்பவனுக்கே கற்றுக்கொடுக்கும் இடம். அங்கே ஒதுங்கி நிற்கும் பிள்ளையை ஆசிரியர் 'அடக்கமானவன்' என்று மெச்சிவிட்டு மறந்துவிடுகிறார்.

ஆதலால், வருகிற சேர்க்கை நாளில் தந்தையர் ஒன்று செய்க. நாற்காலியைக் காட்டினால் அமர்க. காட்டாவிட்டால், "அமரலாமா ஐயா?" என்று கேட்டு அமர்க. தாயும் உடன் சென்று அமர்க. அடித்துத் திருத்தும்படி சொல்லாதீர்கள். "அன்பாகச் சொன்னால் கேட்டுக்கொள்வான் ஐயா" என்று சொல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துதலையும் தடை செய்திருக்கிறது. சட்டம் தடுத்ததை நாமே கேட்டு வாங்க வேண்டா.

ஓராண்டு ஆயத்தம்

இனி, குழந்தையை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதைப் பார்ப்போம். இதற்குப் பணம் வேண்டியதில்லை. படிப்பும் பெரிதாக வேண்டியதில்லை. ஓராண்டுக் காலம் நாள்தோறும் சிறிது நேரம் வேண்டும்.

முதலாவது, பெயர். வீட்டில் குட்டி, பாப்பா, தம்பி என்று கூப்பிடுகிறோம். பள்ளியில் வருகைப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருக்கிறது. ஆசிரியர் அப்பெயரைக் கூப்பிடும்போது குழந்தைக்கு அது தன் பெயர் என்றே தெரியாது; வாய் மூடி அமர்ந்திருக்கும். வந்த பிள்ளைக்கும் வராத பிள்ளையென்று குறி விழுவதை முதல் வாரத்தில் ஆண்டுதோறும் காண்கிறோம். நம் முன்னோர் பலருக்கு நல்ல பெயர் சூட்டிக்கொள்வதற்கே அஞ்சவேண்டிய காலம் இருந்தது. இன்று நாம் விரும்பிய பெயரைச் சூட்டுகிறோம். சூட்டிய பெயரை முழுமையாகக் கூப்பிடுங்கள். "உன் பெயர் என்ன?" என்று கேட்டால், முகத்தைப் பார்த்து, உரத்த குரலில் சொல்லப் பழக்குங்கள். இதுவே குழந்தையின் முதற் சொற்பொழிவு.

பெயரோடு சேர்ந்தது சான்றிதழ். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயரின்றிப் பதிவு செய்திருந்தால், ஓராண்டு வரை கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். பிறப்புச் சான்றிலும் ஆதாரிலும் சாதிச் சான்றிலும் பெயரும் பிறந்த நாளும் ஓரெழுத்தும் மாறாமல் இருக்கட்டும். ஓர் எழுத்துப் பிழைக்காகப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் உதவித்தொகை பெற இயலாது அலைவதை நாம் கண்டிருக்கிறோம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வயதுச் சான்று இல்லையென்று இடம் மறுக்கலாகாது என்பது சட்டம். எனினும் சான்றைக் கையில் வைத்திருப்பவர் நடை குறைகிறது.

இரண்டாவது, கேட்கும் சொல். "தண்ணீர் வேண்டும்", "வெளியே போக வேண்டும்", "எனக்குப் புரியவில்லை", "வயிறு வலிக்கிறது", "அவன் அடித்தான்" என்னும் ஐந்து சொற்களைக் குழந்தை தயங்காது சொல்லப் பழக வேண்டும். வீட்டில் தாய் முகம் பார்த்தே அறிந்துகொள்கிறாள். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே ஆசிரியரால் அது இயலாது. சிறுநீரை அடக்கி வைத்து, பின் வகுப்பிலேயே நனைந்து, பிற பிள்ளைகள் சிரிக்க, மறுநாள் பள்ளிக்கு வரமாட்டேன் என்று அழும் குழந்தைகள் எத்தனையோ பேர். ஆசிரியரிடம் கேட்பது தவறன்று, அது உன் உரிமை என்பதை இந்த ஐந்து சொற்களால் கற்பிக்கலாம். அண்ணலுக்கு மறுக்கப்பட்ட தண்ணீரை நம் பிள்ளை வாய் திறந்து கேட்டுப் பருகட்டும்.

மூன்றாவது, தன் வேலையைத் தானே செய்தல். தன் கையால் உண்ணுதல், உண்ணும் முன்னும் கழிப்பறை சென்ற பின்னும் சோப்பிட்டுக் கை கழுவுதல், சட்டைப் பொத்தானைப் போடுதல், செருப்பை அணிதல், பையை எடுத்து வைத்தல் ஆகியவற்றை மெல்லப் பழக்குங்கள். நேரம் ஆகிறதென்று நாமே செய்துவிடுவது எளிது. ஆனால் தானே பொத்தான் போட்ட பிள்ளையின் முகத்தில் தோன்றும் பெருமிதமே பின்னர்க் கணக்குப் போடும் துணிவாக மாறுகிறது. அப்பொத்தானே விரல்களுக்கு எழுதும் பயிற்சியுமாகும்.

நான்காவது, பேச்சும் கதையும். மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து அ, ஆ எழுதச் சொல்லி அடிப்பவர்கள் உண்டு. விரலும் மணிக்கட்டும் உறுதிப்படாத வயதில் அது வீண் துன்பம். நம் பழைய திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால் எழுதினார்கள். 1789 முதல் சில ஆண்டுகள் சென்னையில் அனாதைச் சிறுவர் விடுதியை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்து, அம்முறையைத் தம் நாட்டுக்கும் எடுத்துச் சென்றார். ஆற்று மணலுக்கு விலையில்லை. அதில் கோடு இழுக்கட்டும், வட்டம் போடட்டும், அழிக்கட்டும். புளியங்கொட்டையை எண்ணட்டும், பல்லாங்குழி ஆடட்டும். பாட்டி கதை சொல்லட்டும்; விடுகதை போடட்டும். சந்தைக்குப் போகும்போது காய்களின் பெயரைச் சொல்லுங்கள். வயலுக்குப் போகும்போது பறவைகளின் பெயரைச் சொல்லுங்கள். குழந்தை கேட்கும் கேள்விக்கு 'சும்மா இரு' என்பது விடையன்று. ஆயிரம் சொற்களைக் காதால் கேட்ட பிள்ளைக்கு அவற்றுள் பத்தை எழுதக் கற்பது அரிதன்று.

படிக்கத் தெரியாத தாய் என்ன செய்வாள் என்று கேட்பீர்கள். படத்தைப் பார்த்துக் கதை சொல்லப் படிப்பு வேண்டா. வயலில் நாற்று நடும்போது பாடும் பாட்டைப் பாடினால் போதும். படிப்பறியாத தாயிடம் சொல்வளம் இல்லை என்று யார் சொன்னார்?

ஐந்தாவது, உடல் நலம். தடுப்பூசி அட்டையைப் பாருங்கள்; ஐந்து, ஆறு வயதில் போடவேண்டிய ஊக்கத் தவணையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குடற்புழு நீக்க மாத்திரையை அங்கன்வாடியில் கொடுக்கும் நாளில் தவறாது கொடுங்கள். காதில் சீழ் வடியும் குழந்தைக்குக் காது மந்தமாகும். அதைப் பள்ளி 'புத்தி மந்தம்' என்று எழுதிவிடும். கண்ணும் அவ்வாறே. பள்ளிக்கு அனுப்பும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு முறை காதையும் கண்ணையும் காட்டிவிடுங்கள்.

ஆறாவது, பிரிந்திருக்கப் பழகுதல். 'பள்ளிக்கு அனுப்பிவிடுவேன், வாத்தியார் அடிப்பார்' என்று பயமுறுத்திச் சோறூட்டாதீர்கள். அவ்வாறு ஊட்டிய குழந்தை பள்ளி வாயிலில் கதறாமல் என்ன செய்யும்? ஜூன் மாதத்துக்கு முன்பே சில முறை பள்ளிக்கு அழைத்துச் சென்று மரத்தையும் மணியையும் வகுப்பையும் காட்டுங்கள். முதல் நாள் விட்டுவரும்போது சொல்லாமல் ஒளிந்து ஓடாதீர்கள். "சோறு உண்ட பிறகு வருவேன்" என்று சொல்லி, சொன்னபடி வந்து நில்லுங்கள். சொன்ன சொல் தவறாத தாயின் பிள்ளை இரண்டு வாரத்தில் அழுகையை நிறுத்திவிடும்.

எந்தப் பள்ளிக்கு அனுப்புவது?

இக்கேள்வியைத் தவிர்த்துச் செல்லுதல் நேர்மையாகாது. வட்டிக்குக் கடன் வாங்கியாவது ஆங்கிலப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று தவிக்கும் பெற்றோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆங்கிலத்தின்மீது நம் மக்களுக்குள்ள வேட்கையை நகையாட மாட்டோம். பூட்டிய கதவுகள் சிலவற்றை அம்மொழி நமக்குத் திறந்தது உண்மை. ஆனால் மூன்று வயதில், வீட்டில் கேளாத மொழியில் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் குழந்தை ஆங்கிலம் கற்பதில்லை. வாயை அடைத்துக்கொள்ளக் கற்கிறது. கட்டணம் கட்ட இயலாது இரண்டாம் ஆண்டில் நிறுத்தப்பட்டால், அந்தத் தலைகுனிவையும் குழந்தையே சுமக்கிறது.

வழிகள் வேறு உண்டு. 2019 ஜனவரியில் தமிழக அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. 1982ஆம் ஆண்டு சத்துணவுத் திட்டம் தொடங்கிய நாள்முதல் சிறு பிள்ளைகளுக்கும் மதிய உணவு கிடைக்கிறது. ஒன்றாம் வகுப்புக்கு வந்ததும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் சேர்கிறது. தனியார் பள்ளியே வேண்டுமென்றால், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலாக மற்றத் தனியார் பள்ளிகள், நுழைவு வகுப்பில் குறைந்தது 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினர்க்குக் கட்டணமின்றி அளிக்க வேண்டும். மழலையர் வகுப்பு இருக்குமாயின் அதற்கும் இவ்விதி பொருந்தும். பட்டியல் இனத்தவர் அச்சட்டத்திலேயே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். ஆறு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பேணலும் கல்வியும் அளிக்க அரசு முயலவேண்டும் என்று, 2002ஆம் ஆண்டின் 86ஆம் திருத்தத்துக்குப் பின் அரசியல் சட்டத்தின் 45ஆம் பிரிவும் கூறுகிறது. கேட்டுப் பெறுவது இரத்தல் ஆகாது.

எப்பள்ளியாயினும், ஒன்றை மட்டும் பார்த்துச் சேருங்கள். அங்கே குழந்தை பேசுகிறதா? நம் வீட்டுப் பேச்சில் பேசினால் ஆசிரியர் சிரிக்கிறாரா, செவி சாய்க்கிறாரா? சுவரின் வண்ணத்தைவிட இது முதன்மையானது.

ஆசிரியர் கடமை

பெற்றோருக்கே அறிவுரை கூறிச் செல்லுதல் முறையன்று. ஆசிரியர்களாகிய நமக்கும் சொல்லிக்கொள்ள வேண்டியது உண்டு. முதல் நாள் குழந்தையை எந்த இடத்தில் அமர்த்துகிறோமோ, அதுவே உலகில் தன் இடம் என்று அது எண்ணிக்கொள்ளும். ஊர்ப் பிள்ளை முன்னும் காலனிப் பிள்ளை பின்னும் தாமாகவே அமர்ந்தால், 'பழக்கம்' என்று விட்டுவிடலாகாது. நாள்தோறும் இடம் மாற்றி அமர்த்த வேண்டும். வகுப்பைப் பெருக்கவும் கழிப்பறையைக் கழுவவும் குறிப்பிட்ட பிள்ளைகளையே ஏவுதல் பெருங்குற்றம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் மாணவர் ஒருவர்மீதும் அவர் தங்கைமீதும் உடன் படித்த மாணவர்களே அரிவாள் வீசிய கொடுமையை நாடறியும். அதன்பின் அரசு, நீதியரசர் கே. சந்துரு அவர்களை ஒருநபர் குழுவாக அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அறிக்கை, கையில் கட்டும் வண்ணக் கயிறு போன்ற சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்றும், மாணாக்கரைப் பெயரின் அகரவரிசைப்படி அமர்த்த வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பதினேழு வயதில் அரிவாளாக வெளிப்படும் பகை, நான்கு வயதில் 'அவன் பக்கத்தில் உட்காராதே' என்னும் ஒரு சொல்லாக ஏதோ ஒரு வீட்டில் முளைத்திருக்கும். அச்சொல்லை வகுப்பில் கேட்ட அன்றே ஆசிரியர் கிள்ளியெறிய வேண்டும். மழலையர் வகுப்பைவிட அதற்கு ஏற்ற காலம் வேறில்லை. ஏனெனில் அங்கே பிள்ளைகள் பந்து வைத்திருப்பவனைப் பார்க்கிறார்களே அன்றி, அவன் எந்தத் தெரு என்று பார்ப்பதில்லை.

பிள்ளை என்றேனும் அழுதுகொண்டு வந்து, "என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்" என்று சொன்னால் என்ன செய்வது? 'நாம் அப்படித்தான், பொறுத்துக்கொள்' என்று சொல்லாதீர்கள். 'நீ ஒரு தவறும் செய்யவில்லை. அப்படிச் சொன்னதுதான் தவறு. நாளைக்கு அம்மா வந்து ஆசிரியரிடம் பேசுகிறேன்' என்று சொல்லுங்கள். மறுநாள் சென்று பேசுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்குச் சாதியின் வரலாறு வேண்டா. தன் பக்கம் ஓர் ஆள் இருக்கிறார் என்னும் உறுதி வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பதும், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும் என்பதும் சட்டம். கூட்டத்துக்குச் செல்லுங்கள், அங்கும் நாற்காலியில் அமருங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

இறுதியாக, இச்சங்கத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். வெள்ளி விழா ஆண்டின் நினைவாக வளைவு கட்டலாம், கல் நாட்டலாம். அவற்றோடு, நம் ஒவ்வொரு குடியிருப்பிலும் மாலைப் பொழுதில் ஒரு மணி நேரம், பள்ளி செல்லவிருக்கும் பிள்ளைகளைக் கூட்டி வைக்கும் முற்றம் ஒன்றை அமைக்க வேண்டுகிறோம். அங்கன்வாடிக்குப் போட்டியாக அன்று, அதற்குத் துணையாக. மேல்நிலை வகுப்பு முடித்து வீட்டில் இருக்கும் நம் பெண்மக்கள் அதை நடத்தட்டும். ஒரு பாய், ஒரு பந்து, ஒரு கூடை மரக்கட்டைகள், சில படநூல்கள், ஒரு தட்டு மணல் ஆகியவை போதும். மே திங்களில் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரவும், ஜூன் முதல் வாரத்தில் பிள்ளைகளோடு பள்ளி வரை நடந்து செல்லவும் படித்த இளைஞர் சிலர் முன்வரட்டும். நாம் பணியாற்றும் பள்ளியின் ஆசிரியர்களும் மாதம் ஒரு நாள் அம்முற்றத்துக்கு வர இசைந்திருக்கிறார்கள் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

இந்த முற்றத்தில் இன்று பந்து உருட்டும் குழந்தை, சங்கத்தின் பொன்விழாவில் இளைஞராகவோ இளநங்கையாகவோ வந்து நிற்கும். அன்று அவர்களிடம் பட்டம் இருக்குமா, பதவி இருக்குமா என்று இன்று சொல்ல இயலாது. ஆனால் கேள்வி கேட்கும் வாயும், அமரச் சொன்னால் அமரும் முதுகெலும்பும் இருக்கும்படி செய்தல் நம் கையில் உள்ளது. அதற்கு இன்னும் சில திங்களே இருக்கின்றன. இன்று இரவே வீடு சென்று, உங்கள் குழந்தையின் முழுப் பெயரை ஒரு முறை கூப்பிட்டுத் தொடங்குங்கள்.